மனைவி ஊர் மேற்கு ஜாவாவில் ஒரு சுண்டா கிராமம்: அங்கே இடம் வாங்கலாமா, போய் வாழ முடியுமா?

ஒற்றியூர்_பாய்

எல்லோருக்கும் சலாம். நான் திருவொற்றியூர், அஜாக்ஸ் பக்கம், ஏசி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். துபாயில் இருந்தபோது ஒரே ஹோட்டலில் வேலை பார்த்த இந்தோனேசியப் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டேன். ஜாவாக்காரி என்றால் கோபம் வரும் அவளுக்கு, சுண்டாக்காரி என்றுதான் சொல்ல வேண்டும், தீவு ஒன்றுதான் ஆனால் மேற்குப் பக்கம் பாஷையே வேறு. ஊர் காருட் மாவட்டத்தில் மலையடிவாரம். மூன்று வருஷமாக இங்கேதான் இருக்கிறோம். பையனுக்கு ஆறு வயது, பெண்ணுக்கு மூன்று.

பையனுக்கு வீசிங். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் பக்கமெல்லாம் எண்ணெய் கலந்த தண்ணீர் நின்றதே, அப்போது ஆரம்பித்த இருமல் இன்னும் முழுதாக விடவில்லை, மாதம் இரண்டு தடவையாவது நெபுலைசர் வைக்கிறோம். போன பெருநாளைக்கு மாமியார் வீட்டில் நாற்பது நாள் இருந்தோம், ஒரு நாள்கூட அந்த மெஷினை எடுக்கவில்லை. வீட்டு முன்னால் ஒரு மீன் குளம், பாலோங் என்பார்கள். காலை ஆறு மணிக்கு வயலில் பனி நிற்கும்போது மாமியார் பழைய சோற்றை உருட்டிப் போடுவார், சிவப்புக் கெண்டைகள் வாயைத் திறந்துகொண்டு கரைக்கே வந்துவிடும், பையன் மண்டி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். மூச்சு சத்தமே கேட்காது. அந்தக் காட்சிதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் விற்கிறார். வீட்டு மனை 40 தும்பாக், கீழே வயல் 120 தும்பாக். ஒரு தும்பாக் 14 சதுர மீட்டர், நம்ம கணக்கில் 16 தும்பாக் போட்டால் ஒரு கிரவுண்டு. அப்படியென்றால் மனை இரண்டரை கிரவுண்டு, வயல் ஏழரை கிரவுண்டு. இரண்டுக்கும் சேர்த்து நம்ம பணத்தில் சுமார் பதினோரு லட்சம் கேட்கிறார். இந்தக் காசுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன வீடு லீசுக்குத்தான் கிடைக்கும். என் பெயரில் வாங்க முடியுமா? வாங்கினால் போட்ட பணம் நிற்குமா? அங்கே போய்க் குடும்பம் நடத்த முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்ணடி_பழைய_ஆள்

வ அலைக்கும் சலாம் தம்பி. நான் பூர்வகர்த்தாவில் ஒரு நூல் மில்லில் பதினோரு வருஷம் மெயின்டனன்ஸில் இருந்தேன், அதுவும் சுண்டா சீமைதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் பெயரில் முடியாது. 1960 நிலச் சட்டப்படி முழு உரிமை, ஹாக் மிலிக் என்பது, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். மச்சான் பெயரில் வாங்கித் தனியாக ஒரு எழுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தரகர் ஒருத்தர் கட்டாயம் வந்து சொல்வார். கேட்கவே கேட்காதீர்கள். வெளிநாட்டுக்காரனுக்கு மறைமுகமாகக் கைமாற்றும் பத்திரம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது.

மனைவி பெயரில் வாங்கலாம், ஆனால் நேராக முடியாது. அவர்களுடைய 1974 திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்கு அப்புறம் சேரும் சொத்து இருவருக்கும் பொது. அப்போது பாதி வெளிநாட்டுக்காரனுடையது ஆகிவிடுகிறது அல்லவா, அதனால் பத்திரம் போடும் அதிகாரி கை வைக்க மாட்டார். அவர் சொத்து அவருக்கு, என் சொத்து எனக்கு என்று நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுதித் திருமணப் பதிவில் ஏற்றினால்தான் வழி. முன்னெல்லாம் அதைக் கல்யாணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். 2016ல் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் கல்யாணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது, உங்களுக்கு அதுதான் வாசல். முதலில் உங்கள் நிக்காஹ் அந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதா பாருங்கள்.

இதற்கு என்ன அர்த்தம் என்றால், காசு உங்களுடையது, அந்த மண்ணில் ஒரு பிடிகூட உங்களுடையது இல்லை. அதை மனதார ஏற்க முடிந்தால் மட்டும் போடுங்கள் தம்பி. நாளைக்கு உங்கள் மனைவி இந்தியக் குடியுரிமை வாங்கினால் ஒரு வருஷத்துக்குள் அந்த இடத்தைக் கைமாற்றியாக வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டுக் குடிமக்களாக இருந்து அம்மா சொத்து வந்தாலும் அதே ஒரு வருஷம்தான். பிள்ளைகள் எந்த பாஸ்போர்ட்டில் வளரப் போகிறார்கள் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

அடுத்தது வயல். அதை விட்டுவிடுங்கள். 1961ல் வந்த ஒரு விதி, விளைநிலத்துக்குச் சொந்தக்காரர் அந்த வட்டாரத்திலேயே குடியிருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மனைவி திருவொற்றியூரில் இருந்துகொண்டு காருட்டில் வயல் வைத்திருப்பது அதற்கு விரோதம். நெல் வயலை மனையாக்கி விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதுவும் வேண்டாம், 2009ல் விளைநிலத்தைக் காக்கத் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஊரில் காடாய் என்று ஒன்று இருக்கிறது. பணத்தைக் கொடுத்து வயலை எடுத்துக்கொண்டு, பணம் திரும்பி வரும் வரை விளைச்சலை அனுபவிப்பது, அப்படியே நம்ம போக்கியம்தான். ஆனால் ஏழு வருஷம் ஆகிவிட்டால் பணம் வாங்காமலே வயலைத் திருப்பித் தர வேண்டும் என்று 1960லேயே சட்டம் இருக்கிறது. ஊரில் அதையெல்லாம் பார்க்காமல் நடக்கும், தகராறு வந்தால்தான் சட்டம் ஞாபகம் வரும்.

கையில் என்ன காகிதம் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். நில அலுவலகம் கொடுத்த உரிமை சர்ட்டிபிகேட் இருந்தால் நல்லது. கிரிக், லெட்டர் சி என்று ஏதாவது சொன்னால் அது வரி கட்டியதற்கான பழைய கிராமக் கணக்குதான், பட்டா கிடையாது. பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், ஆள் வழியாகக் கைமாற்றும் உண்டியல் பக்கமே போகாதீர்கள்.

பெரம்பூர்_வாசுகி

அண்ணா, சட்டம் எனக்குத் தெரியாது, என் அண்ணி சுபாங் ஊர்க்காரர், அதுவும் மேற்கு ஜாவாதான், நான் இரண்டு மாதம் அங்கே இருந்திருக்கிறேன், அதனால் வாழ்வதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கு அங்கே வேலை என்ன? மலையடிவாரத்தில் ராத்திரி போர்வை இல்லாமல் படுக்க முடியாது, ஏசி யார் போடுவார்கள்? ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கிடைக்கும், ஆனால் அதற்கு டவுனில் இருக்க வேண்டும். அங்குள்ள பிள்ளைகளே படித்து முடித்துவிட்டு பாண்டுங், ஜகார்த்தா என்று போய்விடுகிறார்கள், பெண்கள் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள், உங்கள் வீட்டம்மாவும் அப்படித்தானே துபாய்க்கு வந்தார்? ஊரில் வருமானம் இருந்தால் யாராவது பிள்ளையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போவார்களா? கணவனுக்கான தங்கும் அனுமதியில் சொந்தமாக உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றலாம் என்று அண்ணி சொன்னார், ஆனால் சம்பாதிக்க ஆள் வேண்டுமே.

அப்புறம் மொய். சுபாங் பக்கம் காந்தாங்கான் என்று பெயர். கல்யாணம், சுன்னத் எதுவானாலும் அரிசியும் பணமும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், யார் எவ்வளவு என்று நோட்டில் ஏறும், அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பியாக வேண்டும். அண்ணியின் அம்மா வைத்திருந்த நோட்டைப் பார்த்தேன், மதுரைப் பக்கம் எங்கள் பாட்டி வைத்திருந்த மாதிரியே, ஓரமெல்லாம் எண்ணெய் பிசுக்கு. காருட்டில் எப்படி என்று உங்கள் மாமியாரிடம் கேளுங்கள்.

மனிதர்கள் தங்கம். பெரியவர்களைத் தாண்டிப் போகும்போது லேசாகக் குனிந்து "புந்தென்" என்று சொன்னால் போதும், "மங்கா, மங்கா" என்று வழி விடுவார்கள். நான் முதலில் மாங்காய் தருகிறார்களோ என்று நினைத்தேன். இந்தோனேசிய மொழியில் மாம்பழத்துக்கும் அதே சொல்தான், நம்மிடமிருந்து போனது. ஆனால் சுண்டா பாஷையில் பெரியவர்களுக்கு ஒரு சொல், சிறியவர்களுக்கு ஒரு சொல். பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். நமக்குக் கஷ்டம்.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. சுடு சோறு, கருவாடு, பச்சை இலை, சம்பல். காசிமேட்டு நாக்குக்கு அது சொர்க்கம்.

எண்ணூர்_சைட்_இன்ஜினியர்

ஒரே ஒரு விஷயம். 2022 நவம்பர் 21 சியாஞ்சூர் நிலநடுக்கம், காருட் இருக்கும் அதே மேற்கு ஜாவா மாகாணம். அளவு 5.6தான், ஆனாலும் முந்நூறுக்கு மேல் செத்தார்கள், ஆழம் குறைவு என்பதால் மேலே ஆட்டம் அதிகம், கம்பி கட்டாத செங்கல் சுவர் அப்படியே மேலே விழுந்தது, கூடவே மண்சரிவு. காருட்டைச் சுற்றி உயிருள்ள எரிமலைகள் வேறு. நீங்கள் வாங்கும் வீடு செங்கல் என்றால் தூணும் சுவர் மேல் சுற்றி வரும் வளையமும் கம்பி போட்டுக் கட்டினதா என்று தட்டிப் பாருங்கள். பழைய மரமும் மூங்கிலுமாகக் கால் ஊன்றிக் கட்டின வீடு என்றால் இடிக்காதீர்கள், அதுதான் நல்லது. மனைக்குப் பின்னால் சரிவு எவ்வளவு, மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஒற்றியூர்_பாய்

எல்லோருக்கும் நன்றி. மண்ணடிக் காக்கா எழுதியதை நேற்று ராத்திரி மனைவிக்கு வரி வரியாகச் சொன்னேன். உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். விற்கிறவரிடம் லெட்டர் சி மட்டும்தான் இருக்கிறதாம், அதுவும் செத்துப்போன அவர் அப்பா பெயரில். கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர், ஒருத்தர் ஜகார்த்தா பக்கம் பெகாசியில், ஒருத்தர் எங்கே என்றே தெரியவில்லை.

வயல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். மனை மட்டும், அதுவும் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு சர்ட்டிபிகேட் எடுத்துக் கொடுத்தால். "ஒரு பிடி மண்கூட உங்களுடையது இல்லை" என்றதைச் சொன்னபோது அவள் என்னையே பார்த்தாள். எர்ணாவூரில் உன் வாப்பா வாங்கின அரை கிரவுண்டில் எனக்கு என்ன இருக்கிறது, இத்தனை வருஷமாக உன்னை நம்பி நான் இருக்கவில்லையா என்று கேட்டாள். அதற்கு மேல் எனக்குக் கேள்வி இல்லை.

வேலை விஷயம் வாசுகி சொன்னது சரி, மொத்தமாகப் பெயர்ந்து போக முடியாது. பையனை மட்டும் வருஷத்தில் மூன்று மாதம் நினியிடம் விட்டுவைப்பது பற்றிப் பேசுகிறோம், நினி என்றால் பாட்டி. ஸ்கூலில் என்ன சொல்வார்கள் என்று பார்க்க வேண்டும். பள்ளி லீவில் டிக்கெட் போட்டிருக்கிறேன், நோட்டரியைப் பார்த்துவிட்டு, மழையில் தண்ணீர் ஓடும் பக்கத்தையும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.