கணினியில் ஒருவர் வேலை செய்யும்போதே ரிமோட்டில் நுழைய வழி உண்டா?

கேள்வி: விண்டோஸ் 11 புரோ. ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரை லாக் ஆகிவிடுகிறது. அவரைத் தொந்தரவு செய்யாமல் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யணும், லாக் ஃபைல் (நிரலின் பதிவுக் கோப்பு) பார்க்கணும்.

பதில் 1: அது கோளாறு இல்லை. புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் டெஸ்க்டாப்பில் இருக்க முடியும். சர்வர் பதிப்பில் நிர்வாக வேலைக்கு 2 பேர். உங்களுக்குத் திரையே தேவையில்லை, பவர்ஷெல் ரிமோட்டிங் (விண்டோஸின் கட்டளைக் கருவியால் இன்னொரு கணினியில் கட்டளை ஓட்டும் வசதி) போதும். அந்தக் கணினியில் அட்மினாக பவர்ஷெல்லைத் திறந்து எனேபிள்-பிஎஸ்ரிமோட்டிங் கொடுங்கள். நெட்வொர்க் 'பப்ளிக்' என்றிருந்தால் பிழை வரும், 'பிரைவேட்' ஆக்குங்கள். இது போர்ட் 5985-இல் இயங்கும். கணினிகள் டொமைனில் (அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாவிட்டால், உங்கள் கணினியின் டிரஸ்டட்ஹோஸ்ட்ஸில் (நம்பும் கணினிகளின் பட்டியல்) அந்தக் கணினியின் பெயரைச் சேர்த்த பிறகே, செஷனில் நுழையும் கட்டளையான என்டர்-பிஎஸ்செஷன் வேலை செய்யும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பதில் 2: கூடவே ஒன்று: அந்தச் செஷனில் நோட்பேட் திறந்தால் யார் திரையிலும் தெரியாது, பின்னணியில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். விண்டோ உள்ள நிரல் எதையும் அதில் ஓட்டாதீர்கள்.

பதில் 3: திரையும் பார்க்கணும் என்றால் ஷேடோ, அதாவது அவர் செஷனை லாக் செய்யாமல் அதே திரையைப் பார்க்கும் வசதி. க்யூயூசர் கட்டளையில் செஷன் எண்ணை எடுத்து, எம்எஸ்டிஎஸ்சி-க்கு (ரிமோட் டெஸ்க்டாப் நிரல்) ஷேடோ ஆப்ஷனோடு அந்த எண்ணைக் கொடுங்கள். கன்ட்ரோல் ஆப்ஷன் சேர்க்காவிட்டால் பார்வை மட்டும். ஃபயர்வாலில் ஷேடோ விதியையும் போர்ட் 445-ஐயும் திறக்கணும். எதிரில் இருப்பவரிடம் அனுமதி கேட்கும். குரூப் பாலிசியில் (விண்டோஸின் நிர்வாக அமைப்புகள்) அதை நிறுத்தலாம், ஆனால் சொல்லாமல் பார்ப்பது முறையல்ல. மவுஸ் ஒன்றுதான், இருவரும் இழுத்தால் சண்டைதான்.

கேள்வி கேட்டவர்: டெர்ம்சர்வ் டிஎல்எல்-ஐ (ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கும் விண்டோஸ் கோப்பு) பேட்ச் செய்தால், அதாவது மாற்றி எழுதினால், இருவரும் நுழையலாமாமே?

பதில் 1: உரிம விதிக்குப் புறம்பு. அப்டேட் வந்தால் உடையும்.