மறுமொழி: ‘இவர் என் கணவர் இல்லை’ – கலைச்சொல் தேவை

அன்பர்களுக்கு வணக்கம்.

நெருங்கிய உறவினரைப் பார்த்து, அதே உருவில் வந்த வேறு ஆள் என்று நம்பும் மனநிலைக்கு என் நாடகத்துக்காகத் தமிழ்ப் பெயர் கேட்டுக் கேள்வியைப் போட்டுவிட்டு ஒத்திகைக்குப் போனேன்; வந்து பார்த்தால் இழை நீண்டு கிடக்கிறது. தனித்தனியே எழுதினால் குழம்பும் என்பதால் எல்லாருக்கும் சேர்த்து இந்த ஒரே மடல்.

இப்போதுதான் உள்ளே வருகிறவர்களுக்காகக் கதைச் சுருக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. மனைவி, சாலை விபத்தில் தலையில் அடிபட்டுத் தேறி வருகிறவள். கப்பல் வேலையிலிருந்து கணவன் திரும்புகிறான். வாசலில் நிற்பவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “முகம் அவருடையதுதான். ஆனால் இவர் அவர் இல்லை” என்கிறாள். வந்தவன் பொய்யனா, இவளுக்குத்தான் மனம் பிசகியதா என்று கடைசிக் காட்சி வரைக்கும் அரங்கம் தவிக்க வேண்டும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மேடையேறப்போகிறது. இரண்டாம் அங்கத்தில் மருத்துவர் இதற்குத் தமிழில் ஒரு பெயர் சொல்லியாக வேண்டும்.

> கேப்கிராஸ் நோய்க்குறித்தொகுதி என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? மருத்துவர்கள் அப்படித்தானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள், தங்களுக்குள். எதிரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் கணவனிடம் அதைச் சொன்னால் அவனுக்கு என்ன விளங்கும்? தவிர, அந்தப் பெயருக்குரிய மருத்துவர் பிரெஞ்சுக்காரர். கடைசி எழுத்து ஒலிக்காது. காப்கிரா என்பதுதான் கிட்டத்தட்டச் சரி. பெயரைக் கையில் எடுத்தால் உச்சரிப்பிலேயே சண்டை தொடங்கிவிடும்.

மனநல மருத்துவர்களான ஜோசப் காப்கிராவும் ரெபூல்-லாஷோவும் 1923இல் இந்த நிலையை விவரித்தபோது அவர்களே தங்கள் பெயரை அதற்குச் சூட்டவில்லை. கணவனையும் பிள்ளைகளையும் அப்புறப்படுத்திவிட்டு அதே சாயலில் வேறு ஆட்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று நம்பிய ஒரு பெண்மணியைப் பற்றிய கட்டுரை அது. ‘சோசிகள் என்னும் மயக்கம்’ என்கிற பொருளில் பெயரிட்டார்கள். சோசி என்றால் பிரெஞ்சில் அச்சு அசலாக ஒத்திருப்பவர். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நாடகத்திலிருந்து! ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் நகைச்சுவை ஒன்றில், ஜூபிடர் ஒரு தளபதியின் உருவெடுத்து அவன் மனைவியிடம் போகிறான். காவலுக்கு வந்த மெர்குரி, சோசியா என்கிற வேலைக்காரனின் உருவெடுத்து, உண்மையான சோசியாவையே வாசலில் மடக்கி, சோசியா நான்தான் என்று சாதிக்கிறான். மோலியேர் 1668இல் அதே கதையைப் பிரெஞ்சு மேடைக்குக் கொண்டுவந்தார். சோசி அங்கே பொதுச்சொல்லாக நிலைத்துவிட்டது. மேடையிலிருந்து மருத்துவமனைக்குப் போன சொல்லுக்கு ஈடாகத்தான் மறுபடி மேடைக்கு ஒன்று கேட்கிறேன்; பெரிய பேராசை இல்லை.

> அவர்கள் சோசியாவை எடுத்தால் நாம் கம்பனிடம் போகலாமே. மாயாசனகன் இருக்கிறானே. ‘மாயாசனக மயக்கம்’ எப்படி?

கிள்ளான் அக்கா, ஆசையாகத்தான் இருக்கிறது. மருத்தன் என்கிற அரக்கன் சனகன் வடிவில் சீதையின் முன் வந்து நிற்பதைவிடத் திகிலான ஆள்மாற்றம் நம்மிடம் இல்லை. ஆனால் திசை தலைகீழ். அங்கே வந்தவன் பொய்; சீதை அவனைத் தந்தையென்றே எண்ணிக் கடிந்துகொள்கிறாள். இங்கே வந்தவன் மெய்யாக இருக்க, மனைவி பொய்யென்கிறாள். நீங்கள் சொன்ன அகலிகைக்கும் இதே சிக்கல். தமயந்திதான் கொஞ்சம் நெருங்கி வருகிறாள். நளனின் உருவில் தேவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, எவன் கண் இமைக்கிறது, எவன் பாதம் நிலத்தில் படுகிறது, எவன் மாலை வாடுகிறது என்று பார்த்துக் கண்டுபிடித்தாள். எங்கள் கதாநாயகியும் இப்படித்தான் துப்புத் தேடுகிறாள்: கோப்பியில் சீனி எவ்வளவு போடுகிறான், பசியாறும்போது எந்த நாற்காலியில் உட்காருகிறான். மைகார்டை, அதாவது அடையாள அட்டையை, கருவியில் செருகிப் பெருவிரலை வைக்கச் சொல்கிறாள். ரேகை பொருந்துகிறது. “ரேகையையும் எடுத்துக்கொண்டானா?” என்கிறாள். தமயந்திக்குச் சான்று கிடைத்ததும் ஐயம் தீர்ந்தது. இவளுக்குச் சான்று கூடக் கூட ஐயமும் கூடுகிறது. ஆகவே புராணப் பெயர் வேண்டாம். நாடகத்துக்குள் தமயந்தியை நிச்சயம் இழுத்துக்கொள்வேன், அது வேறு.

> ‘ஆள்மாறாட்ட மருட்சி’. சட்டத் தமிழில் ஊன்றிய சொல். புதிதாகக் கட்ட என்ன இருக்கிறது?

ஈப்போ ஐயா வைத்தது இந்த இழையிலேயே வலுவான சொல். மருட்சி, அதாவது எந்தச் சான்றுக்கும் அசையாத பொய் நம்பிக்கை, என்ற பின்பகுதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மருட்கை என்று ஒருவர் எழுதியிருந்தார். தொல்காப்பியத்தின் எண்வகை மெய்ப்பாட்டில் அது வியப்பு, அதை அங்கேயே இருக்கவிடுவோம். முன்பகுதியில்தான் எனக்கு இடறுகிறது. பெருமித மருட்சி என்றால் நோயாளி தன்னைப் பெரியவராக நினைக்கிறார். அதே வாய்பாட்டில் ஆள்மாறாட்ட மருட்சி என்று காதில் விழுந்தால், நோயாளி தன்னை வேறொருவராக நினைக்கிறார் என்று தோன்றாதா? நடிகர்களிடம் சொல்லிப் பார்த்தேன், அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அச்சில் திரும்பப் படிக்கலாம். மேடையில் சொல் ஒருமுறைதான் காதில் விழும்.

இரட்டையர் மருட்சி, போலித்துணை மருட்சி இரண்டையும் சுருக்கமாகவே தள்ளிவிடுகிறேன். இரட்டையர் என்றால் நமக்கு ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். துணை என்றால் கணவன் மனைவியோடு நின்றுவிடும். இந்த ஐயமோ பெற்றோர்மேல், பிள்ளைமேல், சில வேளை வளர்ப்பு நாயின்மேலும் விழுகிறது.

இனித்தான் முக்கியமானது. மருத்துவம் படிக்கும் பினாங்குத் தம்பி எழுதியதை எல்லாரும் இன்னொரு முறை படிக்க வேண்டும்.

> அண்ணா, அடையாளம் தெரியாமல் போவதில்லை. அடையாளம் தெரிந்தும் சொந்தம் என்று தோன்றாமல் போகிறது. இந்த வேறுபாடு பெயரில் இல்லாவிட்டால் பெயர் வைத்துப் பயனில்லை.

அவர் எழுதியதை என் பாணியில் சொல்கிறேன். முகமறியாமை என்று ஒரு நிலை உண்டு: மூளையில் பாதிப்பு வந்தபின், எதிரே இருப்பவர் யாரென்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்களில் சிலருக்கு, அறிந்த முகத்தைக் காட்டினால் தோலின் மின்கடத்தல் மாறுகிறது; உள்ளே உணர்ச்சி எழுவதற்கு அது அடையாளம். வாய்க்குத் தெரியாதது உடம்புக்குத் தெரிகிறது. காப்கிரா நிலை இதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்கக்கூடும் என்று 1990இல் எல்லிஸ், யங் என்னும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். முகம் யாருடையது என்று வாய் சொல்லும், உடம்பு அசையாது. 1997இல் சோதித்தபோது, இந்த நோயாளிகளின் தோல் அறிந்த முகத்துக்கும் அறியாத முகத்துக்கும் வேறுபாடு காட்டவில்லை. அதே ஆண்டில் ராமச்சந்திரனும் ஹிர்ஸ்டீனும் விவரித்த இளைஞர், விபத்தில் தலையில் அடிபட்டவர், நேரில் பெற்றோரைப் போலிகள் என்றார். தொலைபேசியில் பேசினால் உண்மையான பெற்றோர் என்று ஏற்றுக்கொண்டார். குரல் உணர்ச்சியைத் தொடும் பாதை வேறு என்பது விளக்கம்.

இதைப் படித்ததும் மூன்றாம் அங்கத்தைக் கிழித்து மறுபடி எழுதினேன். கணவன் பக்கத்து அறையிலிருந்து கைப்பேசியில் அழைக்கிறான். அவள் உருகுகிறாள். “சீக்கிரம் வாருங்கள், இங்கே உங்கள் முகத்தோடு ஒருவன் இருக்கிறான்” என்று கிசுகிசுக்கிறாள். அவன் கதவைத் திறந்துகொண்டு வருகிறான், கைப்பேசி காதிலேயே இருக்கிறது. அவள் அலறுகிறாள். இதைவிடத் திகிலை நானாக எழுதியிருக்க முடியாது.

பெயருக்கு வருவோம். தம்பி இன்னொன்றும் சொன்னார். மூளையின் முன்பகுதியில் குறிப்பிட்ட இடம் பழுதானவர்களுக்கும் அறிந்த முகத்தைக் கண்டால் தோலில் மாற்றம் இல்லை. ஆனாலும் அவர்கள் யாரையும் போலி என்று சொல்வதில்லை. அப்படியானால் சொந்தம் தோன்றாமல் போவது ஒரு படி. அதற்கு ‘ஆளே வேறு’ என்று காரணம் கற்பித்து, எந்தச் சான்றுக்கும் அசையாமல் நிற்பது இன்னொரு படி. காண்பதில் பிழை இல்லை, அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் பிழை. நமக்கு ஒரு சொல் போதாது என்பது என் தீர்மானம். முதல் படிக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்ததற்கு ஒன்று.

என் பரிந்துரை: முதலாவது ‘உறவயன்மை’, உறவானவர் அயலாராகத் தோன்றுவது. இரண்டாவது ‘உறவயன்மை மருட்சி’.

உறவு முற்றியலுகரச் சொல்லாயிற்றே (முழுதாக ஒலிக்கும் உகரத்தில் முடிவது), உகரம் எப்படிக் கெடும் என்று யாராவது கேட்பதற்கு முன்னே சொல்லிவிடுகிறேன். ‘முற்றும் அற்று ஒரோவழி’, அதாவது முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படிக் கெடும் என்று நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது. கதவு, அடைப்பு சேர்ந்து கதவடைப்பு ஆகவில்லையா? அயன்மையும் நான் உருட்டியது இல்லை, அகராதியில் உள்ள சொல்.

இரண்டாகப் பிரிப்பதில் நாடகத்துக்கும் ஆதாயம். இரண்டாம் அங்கத்தில் மருத்துவர், “உங்கள் மனைவிக்கு இருப்பது உறவயன்மை” என்று மட்டும் சொல்வார். அதில் தீர்ப்பு இல்லை. வந்தவன் உண்மையிலேயே போலியாக இருந்தாலும் அவளுக்கு அயன்மை தோன்றத்தானே செய்யும்? மருட்சி என்ற சொல் கடைசி அங்கம் வரை மேடைக்கு வராது.

மனைவி சொன்னாள் என்றாலே மருட்சி என்று எழுதிவிடக் கூடாது என்பதற்குப் பவால் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வங்காளத்துப் பவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் 1909இல் டார்ஜீலிங்கில் இறந்துவிட்டதாக நம்பப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து டாக்காவில் தோன்றிய ஒரு சந்நியாசி தானே அந்தக் குமாரர் என்றார். சகோதரி ஏற்றார், மனைவி விபாவதி கடைசிவரை இவர் என் கணவர் இல்லை என்றார். நீதிமன்றம் 1936இல் சந்நியாசிக்கே தீர்ப்பளித்தது. 1946இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது. தீர்ப்பு வந்த சில நாட்களில் அந்தச் சந்நியாசி இறந்தார். விபாவதிக்கு மூளையில் பழுது என்று யாரும் சொல்லவில்லை. சொத்து, அண்ணன் தம்பிகள், மானம், இன்னும் எத்தனையோ அதில் கிடந்தன. அவருக்குப் பொருந்தாத சொல் எங்கள் கதாநாயகிக்கும் முதலிலேயே பொருந்தக் கூடாது.

> மேடையில் மாமியாருக்கு உறவயன்மை என்றால் விளங்குமா? அவர் செய்வினை என்றுதான் சொல்வார்.

சொல்லட்டும். முதல் அங்கத்தில் மாமியார் செய்வினை என்பார், பொமோவை, அதாவது மலாய் மந்திரவாதியை, தேடிப் போவார். பக்கத்து வீட்டுக்காரர் “தஞ்சோங் ரம்புத்தான்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். இந்த நாட்டில் அந்த ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1911 முதல் அங்கே மனநல மருத்துவமனை இருப்பதற்கு அந்த ஊர் கொடுக்கும் விலை. அந்த இரண்டுக்கும் நடுவே மருத்துவர் கொண்டுவரும் சொல் ஒருவரையும் அடிக்காததாக இருக்க வேண்டும் என்பதும் உறவயன்மையை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம். லூயி உடல் மறதிநோய் வந்த முதியவர்களிடமும் இந்த நிலை காணப்படுகிறது. பெற்ற மகளை “நீ யார், என் மகள் எங்கே?” என்று கேட்கும் தந்தை எந்தத் தாமானிலும் இருக்கலாம். அந்த மகள் அரங்கில் உட்கார்ந்திருப்பாள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஒரு குறையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ‘இது என் வீடு இல்லை, அதேபோல் கட்டிய வேறு வீடு’ என்பவர்களுக்கு இச்சொல் நீளாது. அது தனிப் பெயருள்ள தனி நிலை. இதிலேயே திணிக்க வேண்டாம்.

ஈப்போ ஐயாவுக்கு இன்னும் உடன்பாடில்லை என்றால் எழுதுங்கள். பிரதி அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. தம்பி கேட்ட ஃப்ரெகோலி நிலைக்கு, அதாவது ஒரே பகைவன் வேடம் மாற்றிக்கொண்டு பலராக வருகிறான் என்னும் நம்பிக்கைக்கு, புதிய இழை தொடங்குங்கள். 1927இல் அதற்கும் ஒரு மேடை நடிகரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ‘பல்வேட மருட்சி’ என்று என் பங்குக்கு ஒன்றை அங்கே போடுகிறேன், பிய்த்தெறியத் தயாராக வாருங்கள்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து