நர்சிங் முதல் வருஷத்தோட நிறுத்திட்டு மறுபடி நீட் எழுதலாமா?

கயல்06:
நீட்ல மார்க் பத்தல. கவுன்சலிங்ல பி.எஸ்சி. நர்சிங் கிடைச்சுது, சேர்ந்துட்டேன். போன வாரம்தான் முதல் வார்டு போஸ்டிங். ஒரு தாத்தாவுக்கு பெட்பேன் வெச்சு எடுத்துட்டு, வெளிய ஓடி வாந்தி எடுத்தேன். அப்பா, "விட்டுட்டு வா, ஒரு வருஷம் கோச்சிங் போ"ங்கிறார். என்ன பண்றது?

கணக்குப்புலி:
அப்பா சொல்றதைக் கேளும்மா. என் தங்கச்சி நாலு வருஷம் படிச்சு தனியார் ஆஸ்பத்திரில சேர்ந்தா. கைக்கு வந்தது 11,000. மாசத்துல பத்து நைட். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் வாங்கி பீரோவுல வெச்சுக்கிட்டாங்க. சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைச்ச கமிட்டி, 50 படுக்கைக்குக் கீழ உள்ள ஆஸ்பத்திரிலகூட 20,000-க்குக் குறையக் கூடாதுன்னு 2016-லயே சொல்லிடுச்சு. யார் தர்றாங்க?

வார்டு அக்கா:
தங்கச்சி சம்பளம் நிஜம், மறுக்க மாட்டேன். ஆனா இந்தப் பொண்ணு சம்பளத்துக்கு பயந்து ஓடலையே, நாத்தத்துக்குத்தானே ஓடுது?
கயல், எனக்கு முதல் வாரம் சுகர்காரர் ஒருத்தரோட கால் புண். தலை சுத்துச்சு. கூட இருந்த ஸ்டாஃப் சிஸ்டர், "மூக்கை விடு, கண்ணால பாரு. சதை சிவப்பா இருக்கா, கறுப்பா இருக்கா?"ன்னாங்க. ஓரத்துல கறுப்பு, நடுவுல சிவப்பா புதுச்சதைன்னு சொன்னேன். நாலு நாள் கழிச்சுப் பார்த்தா சிவப்பு கொஞ்சம் பரவியிருந்துச்சு. அதைப் பார்க்கிற அவசரத்துல மூக்கு ஞாபகமே இல்ல.
அது சரி, நீட்ல எவ்வளவு?

கயல்06:
720-க்கு 268.

வார்டு அக்கா:
கோபப்படாதே, ஒரே வருஷத்துல தாண்டுற தூரமில்ல அது.

கணக்குப்புலி:
நீட் வேண்டாம், வேற டிகிரி படிக்கட்டுமே. கவர்ன்மெண்ட் வேலைன்னு மட்டும் ஆசை காட்டாதீங்க. 2015-ல எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா மாசம் 7,700 ரூபா தொகுப்பூதியத்துக்கு எடுத்தவங்க நிரந்தரம் கேட்டு எத்தனை வருஷம் தெருவுல உக்காந்தாங்க!

லீட்ஸ்காரன்:
நான் ஆண் நர்ஸ். ஊர்ல ரெண்டு வருஷம் ஐ.சி.யு. பார்த்துட்டு இங்க இங்கிலாந்துக்கு வந்தேன். ஐ.இ.எல்.டி.எஸ்.ங்கிற இங்கிலீஷ் பரீட்சைல, ரைட்டிங்ல 6.5 வேணும், ரெண்டு தடவை 6-லயே நின்னேன். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல எழுதுற நர்சிங் பரீட்சை சி.பி.டி., இங்க வந்து செஞ்சு காட்டுற பரீட்சை ஆஸ்கி. இப்ப யு.கே.ல வெளிநாட்டு ஆள் எடுக்கிறது குறைஞ்சு போச்சு, அதையும் சொல்லிடறேன். ஜெர்மனி போகணும்னா ஜெர்மன் மொழியில பி2-ங்கிற லெவல் வரைக்கும் படிக்கணும். ரெண்டாம் வருஷத்துலயே ஆரம்பிச்சா டிகிரியோட சேர்ந்து முடியும்.

கணக்குப்புலி:
அந்த ரெண்டு வருஷ அனுபவத்துக்கு மறுபடி அதே 11,000 ஆஸ்பத்திரிதானே தம்பி?

லீட்ஸ்காரன்:
ஆமாண்ணே. எனக்கு அதைவிடக் கம்மி. வீட்ல இருந்து மெஸ் காசு வாங்கித்தான் ஓட்டினேன்.

வார்டு அக்கா:
கயல், நிறுத்தறதா இருந்தாலும் இந்த போஸ்டிங்கை முடிச்சுட்டு நிறுத்து. ஒரு வாந்தியை வெச்சு முடிவெடுக்காதே. பாதியில போனா மீதி வருஷ ஃபீஸும் கேக்கிற காலேஜ் உண்டு, அப்பாவை விசாரிக்கச் சொல்லு.

கணக்குப்புலி:
இதுல அக்கா கட்சிதான் நான். கட்டின ஃபீஸுக்கெல்லாம் ரசீது பத்திரம்.

கயல்06:
மாசக் கடைசி வரைக்கும் போறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு ஏழு மணிக்கு அதே வார்டு. மாஸ்க்குக்குள்ள விக்ஸ் தடவிக்கலாமாக்கா?

வார்டு அக்கா:
துளி போதும். அதிகமாச்சுன்னா கண்ணு எரிஞ்சு, பேஷண்ட் முன்னாடி நீ அழுதுட்டு நிப்ப.