ஸ்காட்லாந்தின் வடகரையில் அமைதியான மணற்கரைகள்: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் கடைசியில் ஐந்து நாள் டர்னஸில் தங்கி, அங்கிருந்து கிழக்கே பெட்டிஹில் வரை நிதானமாகப் போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, எழுபதைத் தாண்டிய அம்மா.

சாண்ட்வுட் விரிகுடாவுக்கு முன்பே போயிருக்கிறேன். பிளேர்மோரில் காரை விட்டுவிட்டு ஒரு வழிக்கே ஆறரை கிலோமீட்டர் நடை. தூறலில் சேற்றை மிதித்துக்கொண்டு போய்க் கடைசி மணல்மேட்டைத் தாண்டியதும், லேசாகச் சிவந்த மணல் நீண்டு கிடந்தது. தெற்கே கடலுக்குள் ஆம் புவாக்கைல் என்னும் பாறைத்தூண். காலுறையில் புகுந்த மணல் வீடு வந்தும் கொட்டிக்கொண்டிருந்தது! ஆனால் அம்மாவுக்கு அந்த நடை ஆகாது.

பால்னகீல் கரை பரவாயில்லை, கார் நிறுத்தும் இடத்தின் பக்கத்திலேயே மணல் என்று வரைபடத்தில் தெரிகிறது. எனக்குச் சந்தேகம் கேனபின் கரையைப் பற்றித்தான். சாலையிலிருந்து இறங்கும் பாதை எவ்வளவு செங்குத்து? கைத்தடியோடு ஒருவர் இறங்கி ஏற முடியுமா? பெட்டிஹில்லில் ஃபார் விரிகுடாவுக்குப் போகும் வழியில் ஈர நிலம் இருக்கிறதா? கடல் ஏறும் நேரத்தில் எந்தக் கரையில் மணலே மிஞ்சாது என்பதும் தெரிந்தால் நல்லது.

அப்புறம், அந்த ஒற்றை வழிச் சாலைகளில் எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இடத்தில் காரை நிறுத்தக் கூடாது என்பது தெரியும். வேறு எங்கே நிறுத்தினீர்கள்? படம் இருந்தால் போடுங்கள், அம்மாவிடம் காட்ட வேண்டும்.