டிஃபரன்ஷல் ஊளை: பினியனை மட்டும் மாற்றலாமோ?

கேள்வி: பின்சில்லு இழுக்கிற வான். 60 கிலோமீற்றரில் அக்சிலேட்டரை மிதிக்க ஊளையிடுது, காலை எடுத்தால் அடங்குது. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் பழைய பினியன் (டிஃபரன்ஷலின் சின்னப் பல்சில்லு) தனியாகக் கிடைக்குது. போடலாமோ?

பதில் 1: வேண்டாம். கிரவுனும் (பினியன் சுத்துற பெரிய பல்சில்லு) பினியனும் சோடியாக உரசிப் பொருத்தப்பட்டவை. செட்டாக எடுங்கோ, பல்லையும் எண்ணுங்கோ. 41க்கு 10 இருந்த இடத்தில் 43க்கு 10 போட்டால் அதே வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 5% கூடச் சுத்தும்.

பதில் 2: காசைக் கொட்ட முன்னம் பினியன் பெயாரிங் ஆடுதோ எண்டு பாருங்கோ. பூட்டேக்க கிரவுன் பல்லில் மார்க்கிங் பேஸ்ட் பூசி, கொஞ்சம் தடை குடுத்துச் சுத்துங்கோ. தடம் பல் நுனியில் விழுந்தால் பினியன் கிரவுனை விட்டுத் தள்ளி நிக்குது, தடிச்ச ஷிம் (பினியனின் இடத்தைச் சரிசெய்யிற தகட்டு வளையம்) வேணும். அடியில் விழுந்தால் மெல்லிசு. ஒவ்வொருக்கா ஷிம் மாத்தினதும் பேக்லாஷை (பல்லுகளுக்கு இடையிலான ஆட்டத்தை) டயல் கேஜில் திரும்பப் பாக்கவேணும். இந்தச் சைஸ் வான்களில் 0.13–0.18 மிமீ பரவலான அளவு, ஆனால் உங்கட மொடலின் மனுவல்தான் முடிவு.

பதில் 3: பினியன் பெயாரிங்குகளுக்கு நடுவில் வாற நசுங்குற ஸ்பேசர் புதுசாக இருக்கட்டும். பினியன் நட்டைக் கூட இறுக்கிப்போட்டுத் தளர்த்துறது கள்ள வேலை. நசிஞ்சது திரும்ப நிமிராது, பெயாரிங் லூசாகி ஊளை திரும்ப வரும். ஒயில் ஜிஎல்-5 தரக் கியர் ஒயில்.