செங்கல் சுவரில் புரொஜெக்‌ஷன் மேப்பிங் எடுபடுமா?

கட்டடக்கலை மாணவன்: ஜெர்மனியின் ஹாம்பர்க் கலைக்கூடத்துச் சுவரில் அர்பன்ஸ்கிரீன் குழு 2009-இல் செய்த '555 கூபிக்' வீடியோ பார்த்தேன். ராட்சதக் கைகள் அழுத்த, கற்கள் உள்ளே போகின்றன. கட்டடத்தின் வடிவத்துக்குப் பொருத்தி ஒளிப்படம் வீசும் இந்த மேப்பிங்கை எங்கள் கல்லூரியின் சிவப்புச் செங்கல் முகப்பில் செய்ய முடியுமா? வாடகை புரொஜெக்டர் ஒன்று போதும் என்கிறான் நண்பன்.

மேப்பிங் மணி: தம்பி, செங்கல் என்றதுமே பாதி ஆட்டம் முடிந்தது. நீலமும் பச்சையும் அதில் செத்துவிடும். ஹாம்பர்க் சுவர் வெளிர்நிறக் கல். வடிவமைத்த கட்டடக் கலைஞர் உங்கர்ஸ்; சதுரத்தின் மேல் அப்படியொரு பித்து அவருக்கு. முகப்பே கட்டம் கட்டமாக இருக்கும். அந்தக் கோடுகளைத்தான் இவர்கள் அசைத்தார்கள். சுவரில் இல்லாத கோட்டை அசைத்தால் வெறும் சினிமாத் திரைதான்.

இன்னொன்று, புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. நிழல் வேண்டிய இடத்தில் ஒளி விழாமல் விடலாம், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு தெருவிளக்கு எரிந்தால் நிழல் போச்சு, ஆழமும் போச்சு. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். கட்டத்தின் கீழ்விளிம்பு இருண்டால் புடைப்பு, மேல்விளிம்பு இருண்டால் பள்ளம். அதுவும் ஓர் இடத்திலிருந்து பார்த்தால்தான் சரியாக வரும். பக்கவாட்டில் நிற்பவருக்கு எல்லாம் கோணல்.

பாரிஸ்வாசி: ஆழமே காட்டாமலும் அசத்தலாம். பிரான்சின் அமியான் தேவாலயத்தின் மேற்கு வாசலை 1990-களில் லேசரால் சுத்தம் செய்தபோது பழைய வண்ணத் தடயங்கள் கிடைத்தன. இப்போது கோடை இரவுகளில் அந்த நிறங்களை ஒளியாகவே சிலைகள் மேல் போடுகிறார்கள். அங்கி விளிம்பு வரை அளந்து பொருத்தியிருப்பார்கள். எனக்கு ஆடும் சுவர்களைவிட இதுதான் பிடிக்கும்.

கட்டடக்கலை மாணவன்: சரி அண்ணே, முகப்பை விட்டுவிடுகிறேன். வகுப்பறைக்குள் ஏதாவது?

மேப்பிங் மணி: ஒளியையே கலையாக்கும் அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரல் 1960-களில் செய்த 'அஃப்ரம்' வரிசையைப் பார். ஒரே புரொஜெக்டர், ஒரு வெள்ளைச் சுவர் மூலை. இரு சுவரிலும் பாதிப் பாதியாக விழும் ஒளி, தூரத்திலிருந்து அந்தரத்தில் தொங்கும் கனசதுரமாகத் தெரியும். கிட்டே போனால் தட்டையாகிவிடும். உன் புரொஜெக்டரில் கறுப்புப் பின்னணி வைத்தாலும் சாம்பல் நிறமாய்க் கசிந்து செவ்வகம் காட்டிக்கொடுக்கும். கறுப்பு சார்ட் அட்டையில் வடிவத்தை வெட்டி லென்ஸுக்கு முன்னால் நிறுத்து. சூடேறும், ஒட்டி வைக்காதே. கதவுக்கு எதிர்மூலையாகப் பிடி. உள்ளே வருபவர் முதலில் தூரத்திலிருந்தே பார்க்கட்டும்.