மே 1 காலை ஆடணும், மெலோடியனில் ஒரு சுரம் செத்துக் கிடக்கிறது

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயர் கிராமம் ஒன்றில் மாரிஸ் என்ற நாட்டுப்புற ஆட்டக் குழுவுக்கு நான்தான் மெலோடியன் (பொத்தான் வைத்த சிறிய அக்கார்டியன்) வாசிக்கிறேன். கால் மணிகளும் கைக்குட்டையுமாக ஆறு பேர் குதிப்பது இந்த ஒரே வாத்தியத்தை நம்பித்தான், மே 1 விடியலில் ஆட்டம், இன்னும் 9 நாள்தான் இருக்கிறது.

டி/ஜி (ஒரு வரிசை டி சுருதி, இன்னொன்று ஜி), 21 பொத்தான், இடக்கைக்கு 8 பேஸ் பொத்தான், ஒரு சுரத்துக்கு இரண்டு ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு), வாங்கி 12 வருஷம். ஜி வரிசையில் மூன்றாவது பொத்தானை அழுத்தித் துருத்தியைத் தள்ளினால் ஜி சுரம் நன்றாக வருகிறது, இழுத்தால் ஏ சுரம் மட்டும் பாதிச் சத்தத்தில் மெலிந்து, சில நேரம் கரகரவென்று. ஈரமான ஒரு கொட்டகையில் ஒத்திகை பார்த்த மறுநாளிலிருந்து இப்படி.

ஊசிகளைக் கழற்றி துருத்தியைத் திறந்து பார்த்தாயிற்று. தோல் வால்வு சுருளவில்லை, தூசியை ஊதினேன், வெளிப்பக்க ரீடை மெதுவாகத் தட்டிவிட்டேன், பொத்தானின் மூடியும் சரியாகத்தான் திறக்கிறது. ஆனால் இழுக்கும்போது ஒலிக்கிற ரீடு, ரீடுகள் பொருத்திய கட்டையின் உள்பக்கம் இருக்கிறது, அதன் தகடு மெழுகில் ஒட்டியிருக்கிறது, பெயர்க்கக் கை வரவில்லை. பழுது பார்ப்பவரிடம் கேட்டால் ஜூன் என்கிறார்.

ஆர்மோனியம், அக்கார்டியன் பழுது பார்த்தவர்கள் சொல்லுங்கள்: மெழுகை உடைக்காமல் உள்பக்க ரீடைச் சுத்தம் செய்வது எப்படி?